தறிக்கு ஏன் குழி? – ஆரணியை முன்வைத்து ஒரு வரலாறு

திருவள்ளுவரைப் பற்றி வழங்கும் கதைகளில் ஒன்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். வள்ளுவர் தறியில் உட்கார்ந்து நெய்துகொண்டிருக்கிறார். நல்ல பகல் நேரம். கையிலிருந்த நூற்குழல் நழுவிக் கீழே விழுகிறது. விளக்கு கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுக்கிறார். வாசுகி அம்மையாரும் ஒன்றும் கேட்காமல் விளக்கை ஏற்றிக்கொண்டு வந்து நிற்கிறார். பட்டப்பகலில் விளக்கு எதற்கு என்று கேட்காத மனைவி என்று பட்டிமன்ற மேடைகளில் இதை உதாரணமாகச் சொல்வது வழக்கம்.

ஆனால் ஒரு பட்டு நெசவாளர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதையில் வியப்பு ஒன்றும் இருக்காது. நெய்பவர் தரை மட்டத்தில் உட்கார்ந்திருப்பார். அவர் கால்கள் தரைக்குக் கீழே தோண்டிய ஒரு குழிக்குள் இருக்கும். வெளியே வெயில் கொளுத்தினாலும் அந்தக் குழிக்குள் அரையிருட்டுதான். அதற்குள் விழுந்த பொருளைத் தேட வேண்டுமென்றால் விளக்கு வேண்டியதுதானே! கதை நடந்ததோ இல்லையோ, கதையைச் சொன்னவர்கள் மனைவியை நினைவில் வைத்துக்கொண்டு குழியை மறந்துவிட்டார்கள்.

அந்தக் குழி ஏன் வந்தது? ஏன் இத்தனை காலம் போகாமல் இருக்கிறது? இனிமேல் அது போக வேண்டுமா? இந்த மூன்று கேள்விகளும்தான் இந்தக் கட்டுரை.

போர்களுக்கு நடுவில் ஒரு நெசவு ஊர்

திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. 1989ல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை வட ஆற்காட்டில் இருந்த ஊர். வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டினால் இந்த ஊரின் பெயர் பெரும்பாலும் போர்க்களமாகவே வரும். 1751ல் ராபர்ட் கிளைவ் ஆற்காட்டு முற்றுகையில் தப்பித்த கையோடு சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபை எதிர்த்து வென்றது இங்கேதான். 1782ல் ஹைதர் அலியின் படையும் அயர் கூட்டின் படையும் மோதிக்கொண்டதும் இங்கேதான். அதற்கு முன்பிருந்தே ஊர் ஒரு மராத்திய ஜாகீர்தார் குடும்பத்தின் கையில் இருந்தது.

கோட்டையும் ஜாகீரும் போய்விட்டன. நெசவு மட்டும் போகவில்லை. 19ஆம் நூற்றாண்டில் ஆரணி என்றால் பட்டு என்பதைவிட மெல்லிய பருத்தி மஸ்லின் என்றுதான் வெளியூர்க்காரர்கள் அறிந்திருந்தார்கள். இன்று அந்த மஸ்லின் இல்லை. ஆரணிப் பட்டு இருக்கிறது. அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. காஞ்சிபுரம் பட்டைவிட எடை குறைவு, விலையும் கொஞ்சம் கைக்கு எட்டும் என்பது அதற்கு இருக்கும் பெயர்.

பருத்தி போய்ப் பட்டு வந்தது. ஜாகீர்தார் போய்க் கலெக்டர் வந்தார். இத்தனை மாற்றத்திலும் மாறாமல் இருந்தது ஒன்று உண்டென்றால் அது தறிக்கு அடியில் இருந்த குழிதான்.

தறியும் ஒரு பட்டறை மேசைதான்

சின்னப் பட்டறை வைத்திருக்கும் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது இதுதான்: வேலை செய்யும் மேசை ஆடக்கூடாது. இழைப்புளி தள்ளும்போது மேசையும் சேர்ந்து நகர்ந்தால் கையின் பலத்தில் பாதி மேசையை ஆட்டுவதிலேயே போய்விடும். மீதிப் பாதியில் செய்த வேலையும் நேராக வராது.

தறி அதைவிட மோசமான நிலையில் இருக்கிறது. மேசையை நாம் எப்போதாவதுதான் இடிக்கிறோம். தறியை நாள் முழுவதும் இடித்துக்கொண்டே இருக்க வேண்டும்! ஒரு தறி தாங்க வேண்டிய விசைகள் எத்தனை என்று பார்ப்போம்.

முதலாவது, பாவின் இழுவிசை. நீளவாட்டில் ஆயிரக்கணக்கான இழைகள் முறுக்காக இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. ஒற்றைப் பட்டு இழை ஒன்றுமேயில்லை. எல்லாம் சேர்ந்தால் தறியின் முன் மரத்தையும் பின் மரத்தையும் ஒன்றை நோக்கி ஒன்றை இழுக்கும் பெரிய பலம் அது. இரண்டாவது, அச்சுப் பலகையின் அடி. ஊடை இழை ஒவ்வொன்றும் குறுக்கே போன பிறகு அதை நெருக்கிச் சேர்க்க நெசவாளர் பலகையைத் தன் பக்கம் இழுத்து அடிக்கிறார். மூன்றாவது, மிதி. விழுதுகளை ஏற்றி இறக்கக் கால் மாற்றி மாற்றி மிதிக்க வேண்டும்.

கணக்குக்காக ஒரு அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொள்வோம். ஆறு கஜம் புடவை என்பது 216 அங்குலம். பெருக்கிப் பாருங்கள்: 12,960 முறை. ஒரே புடவைக்குள் ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் முறை பலகை வந்து அடிக்கிறது. ஒவ்வொரு அடியிலும் தறியின் சட்டம் ஒரு நூல் அளவு அசைந்தாலும் அடியின் பலம் ஒரே மாதிரி இருக்காது. ஓர் இடத்தில் ஊடை நெருங்கும், இன்னோர் இடத்தில் விலகும். துணியை வெளிச்சத்தில் பிடித்தால் குறுக்கே பட்டை பட்டையாகத் தெரியும். கனமான துணியிலாவது இது கொஞ்சம் மறையும். ஆரணி போல மெல்லிய புடவைக்குப் பெயர் வாங்கிய ஊரில் எங்கே போய் மறைப்பது?

ஆக, நெய்பவரின் கைத்திறமைக்கும் முன்னால் வருவது தறியின் அசையாமை. அந்த அசையாமையை எங்கிருந்து வாங்குவது என்பதுதான் கேள்வி.

ஜேம்ஸ் மில் பார்க்காமல் எழுதியது

1817ல் லண்டனில் ஜேம்ஸ் மில் என்பவர் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுதி வெளியிட்டார். இவர் இந்தியாவுக்கு வந்தவரே இல்லை. ஆனாலும் இந்தியாவுக்கு வேலைக்கு வரும் ஆங்கில அதிகாரிகள் பல தலைமுறைகளாக அந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுத்தான் கப்பலேறினார்கள். அதில் இந்திய நெசவாளரின் தறியைப் பற்றியும் எழுதியிருக்கிறார். காட்டிலிருந்து வெட்டி வந்தபடியே இருக்கும் சில குச்சிகள், அவற்றை ஏனோதானோ என்று சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள், பாவைச் சுருட்டி வைக்கக்கூட ஓர் ஏற்பாடு கிடையாது, நீளமாக விரித்துக் கட்ட வேண்டியிருப்பதால் வீட்டுக்குள் இடம் போதாமல் வெளியே உட்கார்ந்து நெய்கிறார்கள், மழை வந்தால் வேலை நின்றுவிடுகிறது – இதுதான் அவர் சொன்னதன் சாரம். இவ்வளவு மோசமான கருவியில் இவ்வளவு நேர்த்தியான துணி எப்படி வருகிறது என்ற வியப்பும் அவருக்கு இருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த விடை: இந்தியர்களின் உடம்பு மென்மையானது, கை நளினமானது!

மில் சொன்ன விவரங்களில் சில உண்மைதான். மரம் குறைவு, பாவை நீளமாக விரித்துக் கட்டுவார்கள் என்பதெல்லாம் சரி. தப்பு எங்கே என்றால், அவர் மரத்தை மட்டும் எண்ணினார். தறியின் மிகப் பெரிய பாகத்தை எண்ணாமல் விட்டுவிட்டார். அந்தப் பாகம் பூமி!

இங்கிலாந்தில் தறி என்றால் நான்கு கனமான கால்கள், மேலே கீழே குறுக்குச் சட்டங்கள் என்று ஒரு பெரிய கட்டில் போல இருக்கும். பாவின் இழுவிசை, பலகையின் அடி இரண்டையும் அந்தச் சட்டமே தாங்க வேண்டும். அதனால் மரம் தடியாக இருந்தே ஆக வேண்டும். குழித்தறியில் கால்கள் மண்ணுக்குள் இறங்கியிருக்கின்றன. பாவின் கடைசி முனையைக் கயிற்றில் கட்டி, எதிர்ச் சுவரோரம் ஊன்றிய முளையைச் சுற்றி, நெசவாளரின் கைக்கு எட்டும் இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து கட்டியிருப்பார்கள். நெய்த துணியைச் சுருட்டச் சுருட்ட, உட்கார்ந்த இடத்திலிருந்தே கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தி விடலாம். இழுவிசை முழுவதும் மண்ணில் போய் இறங்குகிறது. மரத்தின் வேலை, பாகங்களை அந்தந்த இடத்தில் நிறுத்துவது மட்டும்தான். அதற்கு மெல்லிய மரமே போதும்.

இது நெசவுக்கு மட்டுமான வழக்கமும் இல்லை. 18ஆம் நூற்றாண்டு பிரான்சில் ஆந்த்ரே ழாக்கோப் ரூபோ என்ற தச்சர் தன் தொழிலைப் பற்றி 1769 முதல் பெரிய பெரிய புத்தகங்களாக எழுதினார். அதில் அவர் காட்டும் தச்சு மேசை, ஒரே தடித்த பலகையும் அதில் துளைத்து இறக்கிய பருத்த கால்களுமாக ஒரு சிறு யானை போல இருக்கும். எடையாலேயே அசையாமல் நிற்கும் மேசை அது. நம் ஊர்த் தச்சர்களோ தரையில் உட்கார்ந்து, மரத்தைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு இழைத்தார்கள். கொல்லரின் பட்டடை மரக்கட்டையில் பதிந்து, அந்தக் கட்டை மண்ணில் புதைந்திருக்கும். இங்கே பட்டறை மேசை என்று தனியாக ஒன்று இல்லாமல் போனதற்குத் திறமைக் குறைவு காரணமில்லை. தரையே மேசையாக இருந்தது.

குழிக்கு இன்னும் இரண்டு லாபங்கள் உண்டு. உட்காருபவர் தரையில் உட்கார்ந்துகொண்டே காலைத் தொங்கவிட்டு மிதிக்கலாம். உயரமான ஆசனம் தேவையில்லை. மண்ணின் ஈரம் இழைகளை உலர்ந்து அறுந்துபோகாமல் காக்கும். மெல்லிய பருத்தி நெய்த காலத்தில் இது சின்ன விஷயமில்லை.

பக்கவாட்டில் ஓர் உதை

1733ல் இங்கிலாந்தின் லங்காஷயரைச் சேர்ந்த ஜான் கே பறக்கும் நாடாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிக்க வேண்டும். கே செய்தது என்னவென்றால் பலகையின் இரு முனையிலும் ஒவ்வொரு பெட்டி வைத்து, நடுவில் ஒரு கயிற்றை இழுத்தால் நாடா தானே ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்குப் பாய்ந்து போகும்படி அமைத்தார். வேகம் கூடியது. கை எட்டும் அகலத்துக்கு மேலும் நெய்ய முடிந்தது. வேலை போய்விடும் என்று அஞ்சியவர்களின் எதிர்ப்பைச் சந்தித்துக் கடைசியில் அவர் பிரான்சில் போய் இறந்தார் என்பது வேறு கதை.

தறியின் நிலைப்பைப் பொறுத்தவரை இது ஒரு புதிய தொல்லை. அதுவரை அடி எல்லாம் முன்னும் பின்னுமாகத்தான் இருந்தது. இப்போது நாடா ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் போய்ப் பெட்டியில் மோதுகிறது. வலப்பக்கம் ஒரு உதை, இடப்பக்கம் ஒரு உதை. செவ்வகமாகச் சேர்த்த எந்தச் சட்டமும் பக்கவாட்டு உதைக்குத்தான் சீக்கிரம் தோற்கும். நான்கு மூலையும் மெல்லச் சாய்ந்து இணைகரமாக மாறப் பார்க்கும். வகுப்பறையில் நான்கு காலும் ஒரு பக்கமாகச் சாயும் பழைய பெஞ்சைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்.

தென்னிந்தியாவில் இந்த நாடாவுடன் தரைக்கு மேல் நிற்கும் சட்டத்தறியைப் பெரிய அளவில் நிறுவியவர்கள் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்து கிறிஸ்தவ சபையினர். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மங்களூரிலும் கண்ணூரிலும் நெசவுச் சாலைகள் அமைத்தார்கள். காக்கி நிறத் துணியோடு பெயர் சேர்ந்த ஜான் ஹாலர் இந்த மங்களூர்ச் சாலைக்காரர்தான். அங்கே தறிகள் பெரிய கூடங்களில் வரிசையாக நின்றன. மரம் மலபாரில் தாராளமாகக் கிடைத்தது. கனமான சட்டங்கள் போட முடிந்தது. இன்றும் கண்ணூர்ப் பக்கம் படுக்கை விரிப்பு போன்ற அகலத் துணிகள் அந்த வகைத் தறிகளில்தான் வருகின்றன.

சென்னை மாகாணத்தின் கிழக்குப் பக்கத்தில் கதை வேறு மாதிரி போனது. சென்னைக் கலைப்பள்ளியின் பொறுப்பில் இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், அலுமினியப் பாத்திரம், குரோம் தோல் பதனிடுதல் என்று பல தொழில்களைச் சோதித்தவர். 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் அவர் முயற்சியில் சேலத்தில் அரசாங்கமே ஒரு கைத்தறி நெசவுச் சாலை நடத்தியது. நெசவாளர்களை ஒரே கூரையின் கீழ் கூட்டி மேம்பட்ட தறியில் வேலை வாங்க முடியுமா என்பது சோதனை. நெசவாளர்களுக்கு அந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. வீட்டில் மனைவி தார் சுற்றுவார், பிள்ளைகள் கைவேலைக்கு உதவுவார்கள், நேரம் தன் கையில் இருக்கும். சாலைக்குப் போனால் இதெல்லாம் இல்லை. 1910ல் இந்திய மந்திரி மார்லி பிரபு, அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்று உத்தரவிட்டதோடு அந்தச் சாலையும் மூடப்பட்டது.

சாலை தோற்றது, நாடா ஜெயித்தது! நெசவாளர்கள் புதிய தறி வாங்கவில்லை. பறக்கும் நாடாவின் பலகையையும் பெட்டிகளையும் மட்டும் வாங்கி வீட்டிலிருந்த குழித்தறியிலேயே மாட்டிக்கொண்டார்கள். இது ஒரே நாளில் நடந்ததில்லை. பேராசிரியர் பி.ஜே. தாமஸ் தலைமையில் 1942ல் அறிக்கை கொடுத்த உண்மை அறியும் குழு கணக்கெடுத்தபோதும் நாடு முழுவதும் இருந்த தறிகளில் பாதிக்கு மேற்பட்டவை கையால் எறியும் நாடாத் தறிகளாகவே இருந்தன. உடலுக்கு ஒரு நிறம் கரைக்கு ஒரு நிறம் என்று மூன்று நாடா போட்டு நெய்யும் கோர்வைப் புடவைக்குக் கையெறி நாடா இன்றும் தேவைப்படுகிறது.

இந்த முடிவைப் பழமைவாதம் என்று சொல்லிவிடலாம். வணிகக் கண்ணோடு பார்த்தால் அப்படித் தோன்றாது. பக்கவாட்டு உதையைத் தாங்கும் சட்டத்தறிக்கு நிறைய மரமும் நல்ல தச்சரும் வேண்டும், அதாவது முதலீடு. குழித்தறிக்கு அந்த உதையைத் தாங்கப் பூமி ஏற்கெனவே காத்துக்கொண்டிருந்தது, வட்டியில்லாமல்! கையில் காசில்லாத நெசவாளர், வேகத்தைத் தரும் பாகத்தை மட்டும் விலைக்கு வாங்கினார். நிலைப்பை மண்ணிடமிருந்து இலவசமாக எடுத்துக்கொண்டார்.

தலைக்கு மேல் ஏறிய சுமை

அடுத்த மாற்றம் மேலிருந்து வந்தது. பிரான்சின் லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு, 1804ல் துளையிட்ட அட்டைகளால் இழைகளைத் தூக்கும் கருவியை அமைத்தார். எந்த இழை மேலே போக வேண்டும், எது கீழே இருக்க வேண்டும் என்பதை அட்டையில் உள்ள துளையே சொல்லிவிடும். கம்ப்யூட்டர் பாடத்தின் முதல் அத்தியாயத்தில் இவர் பெயரைப் படித்திருப்பீர்கள்.

கருவி தறியின் தலைக்கு மேல் உட்காரும். ஒவ்வொரு மிதிக்கும் மேலே இருக்கும் பெட்டி ஏறி இறங்கும். உயரத்தில் எடை, அதுவும் ஆடும் எடை! ஒரு மேசையை நிலைகுலைய வைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. லியோனில் இதற்காக வீடுகளே மாறின. க்ரூவா ரூஸ் என்ற நெசவாளர் பகுதியில் 4 மீட்டர் அளவுக்கு உயர்ந்த கூரையோடு கட்டடங்கள் எழுந்தன. அங்கே மாடிகளில் தறி வைத்ததால் குழி தோண்ட வழியில்லை. தறிக்கும் உத்தரத்துக்கும் நடுவில் கட்டைகளை இறுக்கி முட்டுக் கொடுத்தார்கள். நம்மவர்கள் நிலைப்பைத் தரையிலிருந்து கடன் வாங்கினார்கள் என்றால் லியோன்காரர்கள் கூரையிலிருந்து வாங்கினார்கள்! கூலிக்காக 1831லும் 1834லும் கிளர்ந்தெழுந்தவர்கள் இந்தத் தறிக்காரர்கள்தான்.

நம் பக்கத்துப் பட்டு ஊர்களில் முன்பு பூ வேலை என்றால் 'அடை' முறை. நூல்களை எண்ணிக் கட்டி, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்து கையால் தூக்கிக் கொடுக்க வேண்டும். 20ஆம் நூற்றாண்டில் அந்த இடத்துக்கு ஜக்கார்டு பெட்டி வந்து சேர்ந்தது. லியோனில் வீடு உயர்ந்தது போல இங்கே உயரவில்லை. ஓட்டு வீட்டின் தாழ்வான கூரைக்கு அடியில் பெட்டியை எப்படியோ ஏற்ற வேண்டியிருந்தது. அங்கேயும் குழிதான் கைகொடுத்தது. நெய்பவர் தரை மட்டத்தில் உட்காருவதால் பாவும் தரைக்குப் பக்கத்திலேயே ஓடுகிறது. அதற்கு மேலே கூரை வரை இருக்கும் இடம் முழுவதும் பெட்டிக்கும் அதன் நூல்களுக்கும் கிடைக்கிறது. ஆசனம் போட்டு உட்கார்ந்து நெய்யும் தறியாக இருந்தால் அந்த உயரம் குறைந்திருக்கும்.

இலவசமாகக் கிடைத்ததன் விலை

இதுவரை படித்தால் குழித்தறி ஒரு அதிசயம் என்று தோன்றும். அதிசயம்தான். ஆனால் கணக்குப் பதிவியலில் ஒரு பாடம் உண்டு: செலவு எழுதப்படவில்லை என்பதால் செலவே இல்லை என்று ஆகிவிடாது. மண் இலவசமாகக் கொடுத்த நிலைப்புக்கு யாரோ எங்கேயோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதல் விலை மழைக்காலம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் நிலத்தடி நீர் ஏறும். வாசல் வழியாக நீர் வராவிட்டாலும் குழிக்குள் ஊற்றெடுக்கும். வாளியால் மொண்டு ஊற்றினால் மறுநாள் காலையில் மறுபடியும் அதே அளவு நிற்கும். மிதிபலகை நீரில் மிதக்கும். பாவு ஈரம் வாங்கினால் இழை தளரும். இரும்பு பாகத்தின் துரு பட்டில் பட்டால் கறை போகாது. தை மாதக் கல்யாணங்களுக்கான புடவைகள் தறியில் இருக்க வேண்டிய நேரமும் இதுதான். உருப்படிக்குக் கூலி வாங்குபவருக்குத் தறி நின்ற நாளுக்கு வருமானம் பூஜ்யம். கடலுக்குப் போகாத தடைக்காலத்தில் மீனவர்களுக்கு நிவாரணம் இருப்பது போலத் தங்களுக்கும் மழைக்கால நிவாரணம் வேண்டும் என்பது நெசவாளர் பகுதிகளில் பழைய கோரிக்கை.

மழையால் வேலை நின்றுவிடுகிறது என்று ஜேம்ஸ் மில் எழுதியது இந்த இடத்தில் ஞாபகத்துக்கு வருகிறது. வெளியே நெய்வதால் நிற்கிறது என்றார் அவர். வீட்டுக்குள் நெய்தாலும் நிற்கத்தான் செய்கிறது!

இரண்டாவது விலை உடம்பு. காலை முதல் மாலை வரை ஈரக் குழியில் கால், முதுகுக்குச் சாய்மானம் இல்லாத உட்காரல். முழங்கால் வலியும் முதுகு வலியும் எந்த நெசவுத் தெருவிலும் புதுச் செய்தி இல்லை.

மூன்றாவது விலை வீடு. சட்டத்தறியைக் கழற்றி வண்டியில் ஏற்றலாம். குழியை ஏற்ற முடியாது! வாடகை வீட்டுக்காரர் நடுக்கூடத்தில் குழி தோண்ட எளிதில் சம்மதிப்பாரா? சம்மதித்தாலும் காலி செய்யும்போது மூடிக் கொடுக்க வேண்டும். புத்தகத்தில் 'நிலையான சொத்து' என்று படிக்கிறோமே, அது இதற்குத்தான் முழுக்கப் பொருந்தும். ஆனால் விற்றால் காசாகாத, அடமானம் வைத்தால் கடன் கிடைக்காத நிலையான சொத்து.

குழியை மேலே தூக்கலாமா?

இதற்கு ஒரு நடுவழி இருக்கிறது. குழியைத் தரைக்குக் கீழே தோண்டாமல், தரைக்கு மேல் செங்கல் சுவர் எழுப்பி அதன் நடுவில் குழியை விட்டுவிடுவது. நெய்பவர் அந்த மேடையின் விளிம்பில் உட்காருவார். கால்கள் உள்ளே தொங்கும். நிலத்தடி நீர் ஏறினாலும் கால் வரை வராது. இன்னொரு வழி, மண்ணைத் தொடாத முழுச் சட்டத்தறி.

இரண்டிலும் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மண் இதுவரை செய்துவந்த வேலையை இனி யார் செய்வது? அதை முடிவு செய்யாமல் குழியை மட்டும் எடுத்துவிட்டால் புதுத் தறி ஆடும். ஆடினால் துணியில் பட்டை விழும். பட்டை விழுந்தால் கூலியில் பிடித்தம். கொஞ்ச நாளில் நெசவாளர் பழைய குழிக்கே திரும்பிவிடுவார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

மேடைக்கு வேண்டியது எடை. வெறும் ஒற்றைச் செங்கல் வரிசை எழுப்பிப் பூசிவிட்டால் போதாது. கால்கள் இறங்கும் இடத்தில் சுவர் தடியாக, அடியில் அஸ்திவாரத்தோடு இருக்க வேண்டும். சட்டத்தறிக்கு வேண்டியவை பட்டறை மேசைக்குச் சொல்லும் அதே விதிகள்தான். கால்களுக்கு நடுவே அகலம் தாராளமாக இருக்கட்டும். கீழ்க் குறுக்குச் சட்டம் கனமாக இருந்தால் எடை அடியில் தங்கும். நான்கு மூலையும் சாயாமல் இருக்க மூலைவிட்டமாக ஒரு கட்டை கொடுக்க வேண்டும். செவ்வகம் சாயும், முக்கோணம் சாயாது. சரியாக நிற்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு கயிற்றால் மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்தால் போதும். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சட்டம் நேர். பொருத்துகளில் ஆணியைவிட ஆப்பு மேல். மரம் வெயிலில் சுருங்கி மழையில் உப்பும். தளர்ந்த ஆணி தளர்ந்ததுதான். தளர்ந்த ஆப்பை ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி இறுகும்.

இதெல்லாம் தெரியாத ரகசியங்கள் இல்லை. சாட்டர்டன் சோதனை நடத்திய அதே சேலத்தில் 1960 முதல் கைத்தறித் தொழில்நுட்பக் கழகம் இயங்கிவருகிறது. பணத்துக்கும் வழியே இல்லாமல் போகவில்லை. நெசவாளருக்கு வேலைக்கூடத்தோடு வீடு கட்டித் தரும் மத்தியத் திட்டம் 1985-86ல் தொடங்கியது. தறி, ஜக்கார்டு போன்றவற்றின் விலையில் 90 சதவீதத்தை மத்திய அரசு ஏற்கும் ஹத்கர்கா சம்வர்தன் சகாயதா திட்டம் 2016ல் வந்தது. ஆனால் வீடு ஒரு திட்டத்தில், தறி ஒரு திட்டத்தில் என்று தனித்தனியாக நினைக்கும்போது நடுவில் ஒன்று நழுவுகிறது. குழித்தறியில் தறியும் வீடும் வேறு வேறு இல்லை. வீட்டின் தரைதான் தறியின் கால். தறிக்குப் பணம் ஒதுக்கும்போது அதை ஊன்றும் மேடைக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

விசைத்தறியோடு போட்டி போட முடியாமல் கைத்தறி சுருங்குகிறது என்ற பேச்சு நிறைய நடக்கிறது. கரை வைத்த பட்டுப் புடவை போன்ற ரகங்களைக் கைத்தறிக்கென்று ஒதுக்கி 1985ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். சட்டம் சந்தையைக் காக்கலாம். அடுத்த தலைமுறையைத் தறியில் உட்கார வைக்க அது போதாது. படித்த பிள்ளை அப்பாவின் தறியைப் பார்க்கும்போது முதலில் தெரிவது பட்டும் ஜரிகையும் இல்லை, நீர் கசியும் அந்தக் குழிதான். அதைப் பார்த்துவிட்டு வேறு வேலை தேடிப் போகிறவர்களிடம் பாரம்பரியத்தைப் பற்றி என்ன சொல்லிப் பயன்?

இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஜேம்ஸ் மில் குழித்தறியைப் பார்க்காமலே குச்சிக் கட்டு என்று எழுதினார். அதற்குப் பதிலாகக் குழியைக் கோயிலாக்கிக் கும்பிடுவதும் சரியாகாது. கையில் முதல் இல்லாத மனிதர்கள், காலடியில் கிடைத்த ஒன்றைக் கொண்டு அசையாத ஒரு வேலை மேசையைச் செய்துகொண்டார்கள். பருத்தி போய்ப் பட்டு வந்தபோதும், பறக்கும் நாடா வந்தபோதும், ஜக்கார்டு வந்தபோதும் அது தாங்கியது. இனி அது மேலே ஏறி வர வேண்டிய நேரம். ஆரணியில் அடுத்த ஐப்பசி மழை தொடங்குவதற்குள் சில வீடுகளிலாவது ஒரு முழம் உயரத்துக்கு ஒரு நல்ல மேடை எழுந்தால், அந்த வீடுகளில் தை மாதப் புடவை நின்றுபோகாது.